நமக்குள் எழுத்து எதற்கு?



அருள்மறையாம் திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள். அது தொழுகையைப் பற்றியதன்று. நோன்பையோ ஹஜ்ஜையோ பற்றியதும் அன்று. சுவர்க்கத்தின் இன்பத்தையும் நரகத்தின் வேதனையையும் விவரிப்பதும் அன்று. தவணை குறித்துக் கொடுக்கப்படும் கடனை எவ்வாறு எழுதி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது அது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்.

எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டும். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகளை ஏற்படுத்திக் கொள்ள வேண்டும். சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதற்குச் சலிப்படையலாகாது. எழுதியவருக்கோ சாட்சிக்கோ தீங்கு இழைக்கலாகாது என்றெல்லாம் அல்லாஹுதஆலா அதில் விரித்துரைக்கின்றான். எழுதத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த ஒரு சமுதாயத்திற்கு, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு நுணுக்கமான கட்டளை அருளப்பட்டது.

ஆனால் இன்று நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கின்றோம்? பங்குக் கடை தொடங்குகின்றோம். மைத்துனருக்கு முதல் கொடுக்கின்றோம். நண்பரிடம் சரக்கு அனுப்புகின்றோம். யாரேனும் எழுதிக் கொள்ளுங்கள் என்றால், "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கின்றோம். எழுதுவது கட்டாயக் கடமையன்று, விரும்பத்தக்கது என்பதே இமாம்களில் பெரும்பாலோரின் கருத்து என்பது உண்மைதான். அச்சலுகையைப் பிடித்துக்கொண்டு, வசனத்தின் நோக்கத்தையே கைவிட்டுவிட்டோம்.

இக்குறையைப் பிறர்மீது ஏற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

நானும் இருந்த சபை

2001ஆம் ஆண்டு. நான் இமாமாக இருந்த ஊரில் ஒருவர் தம் மனைவியின் தம்பிக்கு ஜவுளிக்கடை வைக்க 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். கடை திறப்பன்று ஃபாத்திஹா ஓத என்னை அழைத்திருந்தனர். பணம் என் கண்ணெதிரிலேயே கைமாறிற்று. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "ஒரு தாளில் எழுதிக் கொள்ளலாமே" என்றார். பணம் கொடுத்தவர் நகைத்தார். "மச்சானுக்கும் மச்சானுக்கும் நடுவே தாள் எதற்கு? ஹஜ்ரத்தே சாட்சியாக இருக்கிறார்களே!" என்றார். நானும் புன்னகையோடு தலையசைத்தேன். துஆவை முடித்து இனிப்பும் உண்டு திரும்பினேன்.

பதின்மூன்று ஆண்டுகள் கடை நன்றாக நடந்தது. 2014ஆம் ஆண்டு, பணம் கொடுத்தவர் இறையடி சேர்ந்தார். அவருக்கு மனைவியும், பருவமடையாத இரு பிள்ளைகளும் இருந்தனர். இத்தா முடிந்தபின் அந்தப் பெண்மணி தம் தம்பியிடம் கடையில் தம் கணவருக்குரிய பங்கைக் கேட்டார். தம்பியோ, "அது பங்கு அன்று அக்கா, கைமாற்று. வாங்கிய 2 லட்சத்துக்கு 4 லட்சத்துக்கு மேல் மாதந்தோறும் கொடுத்துத் தீர்த்துவிட்டேன்" என்றார்.

அந்தப் பெண்மணி என்னிடம் ஆள் அனுப்பினார். திரைக்கு அப்பாலிருந்து அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். "ஹஜ்ரத், நீங்கள்தாமே சாட்சி? அன்று என்ன பேசிக் கொடுத்தார்கள்?" என்பது முதற் கேள்வி. "அது கடன் என்றால், மாதந்தோறும் கூடுதலாக வாங்கிய என் கணவர் வட்டி தின்றவர் என்கிறானா என் தம்பி?" என்பது இரண்டாவது.

வாசகர்களே! பணம் கைமாறியது என் நினைவில் இருந்தது. நோட்டுக் கட்டுகளைச் சுற்றியிருந்த கைக்குட்டையின் நிறம்கூட நினைவில் இருந்தது. ஆனால் "கடனாக" என்று சொன்னார்களா, "பங்காக" என்று சொன்னார்களா என்பது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. நினைவில் இல்லாததைச் சாட்சியமாகச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. சொல்லாவிட்டால் அநாதைகளின் உரிமை போய்விடலாம். எழுதி வைப்பது சாட்சியத்தை உறுதிப்படுத்தும், ஐயம் நேராமல் காக்கும் என்று அதே வசனத்தில் இறைவன் சொல்லியிருப்பதன் பொருள், பல்லாண்டுகள் அதை ஓதியும் ஓதிக் கொடுத்தும் வந்த எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

ஒரு சொல்லில் எத்தனை வேறுபாடு!

கடன், பங்கு என்னும் இவ்விரு சொற்களுக்கிடையே ஷரீஅத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. கடன் என்றால் கொடுத்தவருக்கு அசல் மட்டுமே உரியது. கூடுதலாகத் தர வேண்டும் என்று பேசி வாங்குவது வட்டி. கடனாளி தாமாக மனமுவந்து சிறப்பாகத் திருப்பித் தந்தால் குற்றமில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாம் கடனாகப் பெற்ற ஒட்டகத்தைவிடச் சிறந்ததைத் திருப்பித் தரச் செய்தார்கள். ஆனால் மாதந்தோறும் தவறாமல் கொடுத்த தொகை பேசி வைத்ததா, மனமுவந்ததா என்பதை யார் சொல்வது?

ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இடும் முளாரபா என்றால், இலாபத்தில் இன்ன விகிதம் என்று முன்னரே பேசிக் கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் அது முதலைச் சேரும்; உழைத்தவருக்கு உழைப்பு வீண். அதில் மாதம் இவ்வளவு ரூபாய் என்று தொகையை அறுதியிட்டுப் பேசுவது செல்லாது.

நாட்டின் சட்டத்திலும் இவ்வேறுபாடு பெரிது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனுக்கு வழக்கிட 3 ஆண்டுகளே தவணை. அதற்குள் கடனாளி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். பங்காயின், இருவரே பங்காளிகளாக உள்ள நிறுவனம் ஒருவர் இறந்தவுடன் கலைந்துவிடுகிறது. அன்றிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கணக்கும் பங்கும் கேட்டு வழக்கிடலாம். ஆகவே அது கடனாயின் அந்தக் குடும்பத்திற்கு ஒன்றுமில்லை. பங்காயின் வளர்ந்துவிட்ட கடையில் பாதி. எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிற்று.

காலம் கடந்தால் கடனும் ஒழிந்ததோ என்று சிலர் மகிழ்வதுண்டு. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் ஹனஃபி சட்டத் தொகுப்பும், 15 ஆண்டுகள் கடந்த வழக்குகளை நீதிமன்றம் கேட்கலாகாது என்றுதான் விதித்தது. ஆனால் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்றும் அதுவே உரைத்தது. நீதிமன்றக் கதவு மூடலாம். மறுமையின் கதவு மூடுவதில்லை.

வக்கீலை நாடலாமா?

வியாபாரத் தகராறில் வக்கீலை நாடுவது தக்வாவுக்கு மாறானது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. 'வக்கீல்' என்னும் சொல்லே அரபுச் சொல். பிறர் சார்பாகச் செயற்படும் பொறுப்பை ஏற்றவர் என்பது அதன் பொருள். ஜாமீன், தாவா, முன்சீப், ராஜி, அசல், பாக்கி, வசூல் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்களும் அரபு மூலத்திலிருந்தே வந்தவை. ஃபிக்ஹு நூல்களில் 'வகாலத்' என்று தனிப்பாடமே உண்டு. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் வழக்காடுவதற்குத் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர் முதுமையுற்றபின் தம் சகோதரர் மகன் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களையும் வக்கீலாக நியமித்தார்கள் என்று அந்நூல்கள் கூறும்.

எனவே வக்கீலை நாடுவது குற்றமன்று. எதற்காக நாடுகிறோம் என்பதே கேள்வி. வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம். தாம் கேட்டதைக் கொண்டு ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அது அவருடைய சகோதரரின் உரிமையாக இருந்துவிட்டால், அவர் பெற்றுச் செல்வது நெருப்புத் துண்டே என்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியின் நாவிலிருந்து வந்த தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், நம் காலத்து நீதிமன்றத் தீர்ப்பு எம்மாத்திரம்? அறிந்துகொண்டே அநியாயத்திற்குத் துணைநிற்கும் வக்கீலுக்கும் இந்த எச்சரிக்கையில் பங்கு உண்டு.

அதேபோல், வசதியிருந்தும் பாக்கியை இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். "முடிந்தால் கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கொள்" என்று சொல்லும் வியாபாரி இதனை நினைத்துப் பார்க்கட்டும். உண்மையிலேயே முடியாதவராயின் அவகாசம் தருவது கொடுத்தவரின் கடமை என்பது அல்பகராவின் 280ஆம் வசனம்.

சமரசமே சிறந்தது; ஆயினும் எல்லை உண்டு

மஸ்ஜிதுந் நபவியில் ஒருநாள் கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கிக் கஃபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடுமாறு கையால் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். உடனே மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். கவனியுங்கள்: ஒருவர் விட்டுக்கொடுத்தார், மற்றவர் உடனே கொடுத்தார். ஒருவரை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லி, மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது சமரசம் ஆகாது.

நாட்டுச் சட்டமும் இன்று இவ்வழிக்கே வந்திருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டிலேயே சமரச மையம் தொடங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில் அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாவிட்டால், வழக்கிடுமுன் சமரச முயற்சி கட்டாயம். லோக் அதாலத்தில் ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அங்கு முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

நம் ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு சொல். பள்ளிவாசலில் அமர்ந்து நீங்கள் சொல்லும் முடிவு நல்ல அறிவுரையே. ஆனால் சட்டப்படி அது எவரையும் கட்டுப்படுத்தாது. இரு தரப்பினரும் இன்னாரை நடுவராக ஏற்கிறோம் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அவரும் இரு தரப்பையும் சமமாகக் கேட்டு, முடிவை எழுதிக் கையொப்பமிட்டால், 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டப்படி அது நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றத்தக்கதாகும். அங்கேயும் எழுத்துத்தான் உயிர்.

இனி, எல்லைக்கு வருகிறேன். அந்தப் பெண்மணியிடம், "தம்பிதானே அம்மா, விட்டுக்கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல என் நா எழுந்தது. சபூர் என்றும் பொறுமை என்றும் பெண்களிடம் சொல்வது நமக்கு எளிதாயிற்றே! ஆனால் என் ஓதல் என்னைத் தடுத்தது. சொத்தில் எட்டில் ஒன்றுதான் அவருடையது. எஞ்சியது பருவமடையாத பிள்ளைகளுடையது. அநாதைகளின் பொருளை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் எச்சரிக்கையன்றோ?

ஆகவே, "வக்கீலைப் பாருங்கள் அம்மா" என்றேன். 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலை அமர்த்தித் தருவார்கள். அவ்வாறே அவருக்கு வயது முதிர்ந்த வக்கீல் ஒருவர் கிடைத்தார்; நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

பேசிய கணக்குப் புத்தகம்

அந்த வக்கீல் முதலில் வழக்கிடவில்லை. இரு தரப்பையும் தம் அலுவலகத்திற்கு அழைத்து, கடையின் பழைய கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். என்னையும் அழைத்தார். மாதப் பக்கங்களில் 'மச்சானுக்குக் கொடுத்தது' என்று மட்டும் இருந்தது. அசலா, இலாபமா என்ற குறிப்பில்லை. மூன்று நாட்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

மூன்றாம் நாள் ஒரு ரமலான் மாதப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. "ஹஜ்ரத், இது என்ன கணக்கு?" என்று என்னிடம் காட்டினார். ஜகாத் கணக்கு. கடையின் சரக்கு முழுவதையும் மதிப்பிட்டு, அதைச் சரிபாதியாக்கி, ஒரு பாதிக்கு மட்டும் நாற்பதில் ஒன்று கணக்கிட்டிருந்தார் தம்பி. மறுபாதிக்கு எதிரே, 'மச்சான் பொறுப்பு' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவ்வாறே. கடனாயின் 2 லட்சத்தையன்றோ கழித்திருக்க வேண்டும்? சரக்கு வளர வளர, கழித்த பாதியும் வளர்ந்து வந்திருந்தது.

நான் அதை உரக்கப் படித்தேன். தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அல்லாஹ்வுக்குக் கணக்குக் கொடுக்கும்போது மட்டும் சரியாக எழுதியிருக்கிறேன் ஹஜ்ரத்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். அவர் திட்டமிட்டு ஏமாற்றியவர் அல்லர் என்றே நான் கருதுகிறேன். எழுதாத ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு மனத்தில் உருமாறிவிடுகிறது. தனக்குச் சாதகமான பக்கமாகவே உருமாறுகிறது. மனித நெஞ்சத்தைப் படைத்தவன் அதனை அறிந்தே எழுதச் சொன்னான்.

கடை மதிப்பிடப்பட்டது. பங்குத் தொகையை மூன்றாண்டுத் தவணையில் தருவதென முடிவாயிற்று. சிறார்களின் உரிமை அடங்கியிருந்ததால், வக்கீல் அதை வழக்காகப் பதிந்து, நீதிமன்ற அனுமதியுடன் சமரசத் தீர்ப்பாகப் பெற்றுத் தந்தார். தவணைகள் தவறாமல் வந்தன. அக்காவும் தம்பியும் பெருநாளில் மீண்டும் ஒரே வீட்டில் உண்டனர். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அவ்வீட்டில் சிந்திய கண்ணீருக்கு, 2001ஆம் ஆண்டில் எழுதாமல் விட்ட ஒரே ஒரு தாள் காரணம். தலையசைத்த நானும் காரணம்.

எதை எழுதுவது?

கடன் என்றால் கடன் என்றும், பங்கு என்றால் பங்கு என்றும் முதல் வரியிலேயே எழுதுங்கள். யாருடைய முதல் எவ்வளவு, இலாபம் எந்த விகிதம், நட்டம் யாரைச் சேரும், கணக்கு எந்நாளில் பார்ப்பது, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ பங்கை எவ்வாறு மதிப்பிடுவது, தகராறு வந்தால் நடுவர் யார் என்பவை இடம்பெறட்டும். உரிய முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிகளோடு கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். தாமத வட்டி என்னும் வாசகம் அச்சடித்த படிவங்களில் தானாகவே இருக்கும். கையொப்பமிடுமுன் ஆலிம் ஒருவரிடமும் காட்டுங்கள்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு பெறாத நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வெளியார்மீது வழக்கிட இயலாது. பெற்ற காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி அறிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்திற்குள் புகார் செய்ய வேண்டும். உறவு கருதி நாட்களைக் கடத்திவிட்டுப் பின் வருந்துவதில் பயனில்லை. தகராறு முற்றியபின் வக்கீலிடம் ஓடுவதைவிட, ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அவரிடம் ஒரு மணி நேரம் அமர்வது செலவும் குறைவு, பாவமும் குறைவு.

எழுதக் கேட்பது நம்பிக்கையின்மையன்று. இரு பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை, தான் அவர்களுடன் மூன்றாமவனாக இருப்பதாக இறைவன் கூறுவதாய் ஹதீஸில் வந்துள்ளது. அந்த மூன்றாமவனே எழுதச் சொல்லியிருக்கும்போது, நம்மில் ஒருவர் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்றும் கடை திறப்புக்கு ஃபாத்திஹா ஓத என்னை அழைக்கிறார்கள். பாயில் அமர்ந்ததும் நான் முதலில் கேட்பது, "எழுதிவிட்டீர்களா?" என்பதே. இல்லை என்றால், எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பிறகுதான் கையேந்துகிறேன்.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, நம் உறவுகளைக் காத்து, பிறர் உரிமை நம் தோளில் சுமையாக இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் பேற்றினை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.